கடைசி மடக்கு

முத்துக்கனியக்கா தன் டீக்கடைக்குள் நுழைய உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப ஆரம்பித்தது ஐப்பசி மாதத்தில். முதலில் அவர் சந்தேகப்பட்டது தன் உடம்பைத்தான்.

"வடையத் தின்னு தின்னு ஊதிட்டேன் போல மேடம். நெலைல இடிக்கி," என்றார்.

நானும் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த வாரம் என் தோளும் இடித்தது. நான் வடை தின்பதில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். வாசல் ஒரு சாணுக்கு மேல் குறைந்திருந்தது. டேப் பொய் சொல்கிறதோ என்று மேஸ்திரியின் டேப்பை வாங்கி அளந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

என் பெயர் ஜெசிந்தா. பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கும் பொறியாளர். தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சு மூட்டைகள் வைக்கும் கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கிட்டங்கியின் கிழக்குச் சுவரில் வாசல் வைத்த சின்ன அறையில் முத்துக்கனியக்காவின் டீக்கடை. மேற்கே இருந்த மனையில் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கிட்டங்கி, மனை இரண்டுமே ஒரே கம்பெனிக்குச் சொந்தம். பழையதைக் காப்பாற்றினால்தான் புதியதற்கு அனுமதி என்று அரசாங்கம் நிபந்தனை போட்டிருந்தது. அதனால் பழையதைக் காப்பாற்ற என்னை வைத்தார்கள். புதியதைக் கட்ட அறிவழகனை வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வந்தது. இதில் நான் யாருக்காக வேலை பார்க்கிறேன் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான்.

சுவர் வளர்ந்ததற்கு வருகிறேன். கிட்டங்கியின் சுவர் முழுக்கக் கடல் கல்லும் சுண்ணாம்பும். உப்புக்காற்று தின்று தின்று, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. இந்த மாதிரிச் சுவர்களுக்கு இப்போதெல்லாம் உயிர்ச்சுண்ணாம்பு அடிக்கிறோம். சுண்ணாம்புக்குள் ஒரு நுண்ணுயிர் இருக்கும். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீரைத் தினமும் தெளித்தால், அது தின்று பெருகி, விரிசலுக்குள் புகுந்து, சுண்ணாம்பைக் கக்கி அடைத்துவிடும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சாந்தில் கலந்த அதே கருப்பட்டிதான். தெளிப்பதை நிறுத்தினால் உயிர் உறங்கிவிடும். கடைசியில் ஒரு மருந்து அடித்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வேலை முடிந்தது என்று நாமும் வீட்டுக்குப் போகலாம்.

நாங்கள் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதைப் புரட்டாசியோடு நிறுத்திவிட்டோம். சுவரோ ஐப்பசியில் வளர்கிறது.

இந்த உயிரை உண்டாக்கிய மதுரை ஆய்வகத்துக்கு போன் போட்டேன். துவாரகநாத் என்கிற விஞ்ஞானி எடுத்தார். எதைக் கேட்டாலும் சந்தோஷமாகப் பதில் சொல்கிறவர். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும்.

"வாசலை எதுக்கு சார் அடைக்குது? விரிசலை அடைக்கத்தானே சொன்னோம்?"

"விரிசலுக்கும் வாசலுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது மேடம். சுவர்ல இருக்கறதுலயே பழைய சுண்ணாம்பு எதுவோ, அதைத் தன்னோட உடம்புன்னு நினைச்சுக்கும். அதுல எங்க வெட்டு இருக்கோ அது காயம். காயம்னா ஆத்திரும். அந்த வாசல் எப்ப போட்டது?"

"நாற்பது வருஷம் முன்னால சுவரை இடிச்சுப் போட்டாங்களாம்."

"அப்ப காயம்தான்," என்றார் சந்தோஷமாக.

"மத்த கதவெல்லாம் சும்மா இருக்கே?"

"அதெல்லாம் கட்டும்போதே வெச்ச கதவா இருக்கும். பழசைத் தேடிப் போற புத்தி அதுக்கு."

"எவ்வளவு பழசு வரைக்கும் போகும்?"

"கிடைக்கிற வரைக்கும் போகும்." சிரித்தார். "ஆனா ஒண்ணு மேடம். சர்க்கரை இல்லாம ஒரு நூல்கூட வளராது. யாரோ அதுக்கு ஊட்டுறாங்க. யாருன்னு பாருங்க."

மேஸ்திரியை விட்டு வளர்ந்த பகுதியைச் செதுக்கச் சொன்னேன். இரண்டு விரல் செதுக்கினார். அடுத்த வாரத்துக்குள் நாலு விரல் வளர்ந்து நின்றது. காயத்தைக் கிளறியிருக்கிறோம். அதோடு உளியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதில் முத்துக்கனியக்காவுக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்து அரசாங்கத்தின் மரபுக் குழு ஆய்வுக்கு வரும். அன்றைக்கு எந்த வாசலை யார் புழங்கிக்கொண்டிருக்கிறார்களோ, அந்த வாசல் அவர்களுக்கு. அதன்பின் கம்பெனி நினைத்தாலும் கிளப்ப முடியாது. ஆனால் வாசல் என்றால் ஓர் ஆள் நேராக நடந்து போய்வர வேண்டும். முடியாவிட்டால் அதன் பெயர் ஜன்னல். ஜன்னலுக்கு யாரும் குடியிருப்பு உரிமை கொடுப்பதில்லை. புருஷன் போனபின் இருபது வருஷமாக அக்கா அந்தக் கடையில்தான் நிற்கிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அக்கா போகவில்லை. "அங்கன போயி ரூமுக்குள்ள உக்காந்து என்ன செய்ய?" என்பார். வேலை தொடங்கியபோது அவரிடம், "உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்று நான் வாயால் சொல்லியிருந்தேன்.

வாய்ப்பேச்சுதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே.

யார் ஊட்டுகிறார்கள் என்று யோசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அறிவழகன். அவருடைய கட்டடத்துக்கு வரும் லாரிகள் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும், டீக்கடைக் கூட்டம் சந்தில் இல்லாமல் இருந்தால் அவருக்கு வசதி. ஒரு நாள் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன்.

"அறிவழகன், உங்க ஆளுங்க யாராவது இங்க கருப்பட்டித் தண்ணி தெளிக்கிறாங்களா?"

அவர் டீயை ஊதுவதை நிறுத்தினார். சென்னைக்காரர், மரியாதையான மனிதர், வெயிலிலும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரிவார். "மேடம், நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். கடைக்காரங்களே நஷ்டஈட்டுக்காக ஏதாவது பண்றாங்களோன்னு எனக்கு டவுட்."

உள்ளே பாய்லர் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"யாரு, நானா? என் வாசல நானே அடைக்கதுக்கு எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஆடி மாசத்துலருந்து மருந்து மருந்துன்னு இதுல அடிச்சது யாரு? மேடத்துக்க ஆளுவதானே? நான் மேடத்தத்தான் நெனச்சிட்டு இருந்தேன். சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கிளாஸில் மிச்சமிருந்ததை வீசிவிட்டு வைத்தேன். அறிவழகனும் அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து ஒரு ஸ்டூலைப் போட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். லாரி டிரைவர்கள் வந்தார்கள். எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் இரண்டு தடவை வந்தார். கட்டடத்தில் வேலை பார்க்கும் வடக்கத்திப் பிள்ளைகள் கூட்டமாக வந்து "தோ சாய் அக்கா" என்று ரெண்டு ரெண்டு டீயாகக் கேட்டார்கள். யார் கையிலும் வாளி இல்லை, பாட்டில் இல்லை. வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள்.

சாயங்காலம் ஆயிற்று. முதுகு வலித்தது. அக்கா எனக்கும் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அடியில் தூள் நின்றது. எழுந்துபோய் அந்தக் கடைசி மடக்கை வாசலோரம் ஓடும் சாக்கடைப் பக்கம் வீசினேன். பாதி சாக்கடைக்குள் விழுந்தது. பாதி சுவரில் பட்டு வழிந்தது.

என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தவர்களில் ஒருவர்கூட கிளாஸை முழுசாகக் குடிக்கவில்லை. எல்லோரும் கடைசி மடக்கை வீசுகிறார்கள். வலது பக்கம் நிற்பவர்கள் வலது ஓரத்தில், இடது பக்கம் நிற்பவர்கள் இடது ஓரத்தில். தூத்துக்குடி டீயில் சர்க்கரைக்குப் பஞ்சமே கிடையாது. நானும் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறேன்.

துவாரகநாத்திடம் சொன்னபோது மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கருப்பட்டித் தண்ணியை விட டீ நல்லாப் பிடிச்சிருக்கு மேடம். எழுதி வெச்சுக்கறேன்."

அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பாய்லர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இருவது வருசமா நான் போட்ட டீ," என்றார். "என் கடைய நானே அடச்சிருக்கேன்."

"நீங்க இல்லக்கா. குடிச்சவங்க."

"போட்டது நாந்தானே?"

வாசல் இரண்டு பக்கமும் வாளி வைத்தோம். 'மிச்சத்தை வாளியில் ஊற்றவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினோம். எல்லோரும் நின்று படித்தார்கள், தலையாட்டினார்கள், பேசிக்கொண்டே சுவரில் வீசினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. பிறகு சர்க்கரை இல்லாமல் டீ போட்டுப் பார்த்தார் அக்கா. சர்க்கரையைத் தனியாக ஸ்பூனில் வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். லாரி டிரைவர் ஒருவர், "எனக்குச் சுகர்னு யாரு சொன்னா உனக்கு?" என்று கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். ஆனால் சுவர் நின்றுவிட்டது. கார்த்திகை முழுவதும் ஒரு நூல் அசையவில்லை.

நின்றதே தவிர, திரும்பவில்லை. அக்கா இன்னமும் பக்கவாட்டில்தான் நுழைகிறார். பித்தளை பாய்லர் உள்ளே மாட்டிக்கொண்டது, அதை வெளியே எடுக்கவே முடியாது. ஆய்வு நாளில் இது ஜன்னல்தான். செதுக்கவும் முடியாது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் அளவுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. வாசலில் வளர்ந்திருக்கும் சுண்ணாம்பு, நாங்கள் அந்தப் பக்கம் அடித்ததைப் போலப் பல மடங்கு. மிச்சச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

கிட்டங்கியை உள்ளே சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவரில், பழைய சாக்குகள் அடுக்கியிருந்த மூலையில், சுவர் பொத்தென்று ஒலித்தது. சாக்கை நகர்த்தினேன். தரையெல்லாம் வெள்ளைத் தூள். சுவரில், என்னைவிட உயரமாக, வளைந்த ஓர் ஆர்ச்சின் வடிவம் பள்ளமாக இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கான்கிரீட் மெஷின் சத்தம் வந்தது.

"இதுவும் அதே வேலைதான் மேடம்," என்றார் துவாரகநாத். "ஒரு காலத்துல அங்க வாசல் இருந்திருக்கு. பின்னாடி யாரோ கல்லை வெச்சு அடைச்சிருக்காங்க. நம்ம உயிருக்கு அது கட்டி மாதிரி. கட்டியைக் கரைச்சு, அதை எடுத்துக் காயத்துக்குப் பூசுது. சுவர் முழுக்க ஒரே உயிர்தானே."

"அப்ப டீ ஊத்துறதை நிறுத்தலைன்னா?"

"இந்தப் பக்கம் மூடும். அந்தப் பக்கம் திறக்கும்."

அந்தப் பக்கம் என்பது அறிவழகனின் மனை. கட்டும்போதே வைத்த அசல் வாசல் ஒன்று வெளிப்பட்டால் அதற்குத் தெருவரை பொதுவழி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வழி, அவர் கட்டடத்தின் பேஸ்மெண்டுக்குக் கார் இறங்கும் சரிவுப் பாதையை நடுவில் வெட்டிக்கொண்டு போகும். நான் அறிக்கை எழுதி அனுப்பிய அன்றைக்கே அறிவழகன் வந்துவிட்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், சுவர் இப்ப தூங்குது. அப்படியே நிரந்தரமா தூங்க வெச்சிருங்க. மருந்து டிரம் வந்தாச்சுல்ல? மேற்குப் பக்கம் பள்ளத்தைப் பூசிட்டா யாருக்கும் பிரச்சினை இல்லை."

"டீக்கடை ஜன்னலாயிருமே."

"அதுக்கும் வழி வெச்சிருக்கோம்." அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, பேஸ்மெண்ட்ல புட் கோர்ட் வருது. உங்களுக்கு ஒரு ஸ்டால். ஏசி. நானே மேலிடத்துல பேசி வாங்கியிருக்கேன்."

உண்மையிலேயே பேசித்தான் வாங்கியிருந்தார், எனக்குத் தெரியும்.

"பாய்லரு வைக்கலாமா தம்பி?" என்றார் அக்கா.

"கரி அடுப்பு உள்ள விடமாட்டாங்கக்கா. மெஷின் இருக்கும். பட்டனை அழுத்தினா டீ வரும்."

"பட்டன யாரு அமுக்குவா?"

"குடிக்க வர்றவங்களே."

"பெறவு நான் எதுக்கு?"

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொன்னார் அறிவழகன். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

அவர் போனபின் அக்கா கேட்டார்: "அந்த ஆர்ச்சு வாசல் தொறந்தா எனக்குத் தருவாவளா மேடம்?"

"தெரியலக்கா. சுவரே வாசல் திறக்கும்னு விதி எழுதினவங்க நினைக்கல. தரலாம். தராமலும் போகலாம்."

"டீய ஊத்துனா இங்கன மூடிரும். அங்கன தொறந்தாலும் எனக்குன்னு இல்ல. ஊத்தாம விட்டா பட்டன் கடை. அப்பிடித்தானே?"

"அப்படித்தான்."

"நீங்க படிச்சவிய. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"எனக்கும் தெரியலக்கா," என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான். ஒரு பக்கம் பார்த்தால் ஸ்டால் நல்ல ஏற்பாடு. இன்னொரு பக்கம் பார்த்தால் பழைய வாசல் திறப்பதுதான் என் தொழில் தர்மம். இன்னொரு பக்கம், அந்தத் தர்மப்படி பார்த்தால் டீக்கடை வாசலே காயம். எந்தப் பக்கம் நின்றாலும் மற்ற இரண்டும் என்னைக் கேள்வி கேட்டன. தலை சுற்றியது.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு அக்கா கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

மருந்து அடிப்பதற்குக் கம்பெனி குறித்த நாளின் முந்தின சாயங்காலம் கடைப் பக்கம் போனேன். வாளிகளைக் காணவில்லை. அட்டையையும் காணவில்லை. கோபித்துக்கொண்டு போன லாரி டிரைவர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு டீயை நீட்டினார். வாயில் வைத்தேன். பாயசம் மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் அறிவழகன் போனில் பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கையைக் காட்டினார். அக்கா அவருக்கும் ஒரு டீ கொடுத்தார். "ஆமா சார், நாளைக்கு மருந்து அடிச்சிருவாங்க, எல்லாம் சுமுகமா முடிஞ்சிருச்சு," என்று போனில் சொல்லிக்கொண்டே குடித்தார். சொல்லிக்கொண்டே கடைசி மடக்கைச் சுவரில் வீசினார். கிளாஸை வைத்துவிட்டு, மறுபடி எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

என் கிளாஸில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. இத்தனை மாதம் அதை என் கை தானாக வீசியது. இப்போது கை நின்றது, நானும் நின்றேன். மூடப்போகிறேனா, திறக்கப்போகிறேனா? எனக்கு வேலை இருக்குமா? இந்த அம்மாளுக்குக் கடை இருக்குமா? ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, சிந்தாமல், சுவரின் அடியில் ஊற்றினேன்.

பிறகு பையிலிருந்து கிட்டங்கியின் உள்கதவுச் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். டீக்கடைக்குப் பின்னால் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு அது.

"பாய்லர் அந்த வழியாப் போகும்க்கா," என்றேன். "ஆய்வு நாள்ல எந்த வாசலை யார் புழங்குறாங்களோ, அது அவங்களுக்கு. விதியில அப்படித்தான் இருக்கு."

மறுநாள் மருந்து அடிக்கவில்லை. பனி அதிகம், ஈரத்தில் மருந்து பிடிக்காது என்று அறிக்கை அனுப்பினேன். மார்கழிப் பனிக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

தைப் பொங்கல் கழிந்து குழு வந்தது. கிழக்குச் சந்தில் வரைபடத்தை வைத்துக்கொண்டு டீக்கடையைத் தேடினார்கள். அங்கே கடையும் இல்லை, வாசலும் இல்லை. வெள்ளைச் சுவர் ஒரே சீராக ஓடியது. இடித்துக் கட்டிய தடம்கூடத் தெரியவில்லை. குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"இங்க ஒரு கடை இருக்கணுமே அம்மா?"

"உள்ள வாங்க சார்," என்றேன்.

மேற்குச் சுவரில் ஆர்ச் முழுசாகத் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் பாய்லர். பக்கத்தில் முத்துக்கனியக்கா, நேராக நின்றுகொண்டு. வெளியே தகரத் தடுப்பை ஒதுக்கிவிட்டு வடக்கத்திப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தலைவருக்கு ஒரு டீ கிடைத்தது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். தோள் எங்கும் இடிக்கவில்லை.

"அசல் வாசல்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"சுவர் அப்படித்தான் சொல்லுது சார்."

'அசல் வாசல். பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதச் சொன்னார். அறிவழகன் ஓரமாக நின்று, சரிவுப் பாதையை எங்கே திருப்பலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தலைவர் டீயைக் குடித்து முடித்தார். கடைசி மடக்கை ஆர்ச்சின் அடியில் வீசிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

எனக்குப் பதற்றம் இல்லை. அசல் வாசலில் எத்தனை டீ ஊற்றினாலும் சுவர் வளராது, அங்கே ஆற்றுவதற்குக் காயமே இல்லையே. மருந்து டிரம்மைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சும்மா, பழக்க தோஷத்தில், ஆர்ச்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

குளிர்ச்சியாக இருந்தது. ஈரமாக இருந்தது. அடியில், டீ வழியும் இடத்தில், அரிசி கனத்துக்குப் புதிதாக ஒரு விளிம்பு.

குனிந்து பார்த்தேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஆர்ச்சுக்குக் கீழே அஸ்திவாரத்தை ஒட்டி, மற்றதைவிடக் கறுத்த, வேறு நிறத்தில் ஒரு சுண்ணாம்பு வரி ஓடியது. கிட்டங்கிக்கு முன்னால் இங்கே ஏதோ ஒரு சுவர் நின்றிருக்கிறது. அதில் இந்த ஆர்ச்சும் யாரோ வெட்டியதுதான். கிடைக்கிற வரைக்கும் போகும் என்று துவாரகநாத் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது.

"என்ன மேடம் அங்கன பாக்கிய?" என்றார் அக்கா.

"இதுவும் அசல் இல்லையாம்க்கா."

"பெறவு எதுதான் அசலு?"

"தெரியலக்கா."

அவர் முகம் மாறியது. "மூடிருமோ?"

டிரம் வந்ததும் மூடியை நானே திறந்தேன். வழக்கமாக மேலேயிருந்து கீழே, ஒரு மூலையிலிருந்து தொடங்கி அடிப்போம். அன்று ஆர்ச்சின் இரண்டு ஓரங்களிலும் முதலில் அடித்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை அடித்தேன். அந்தக் கறுத்த வரியின்மேல் இன்னொரு தடவை அடித்தேன். அதற்கும் முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான், இருபது வருஷமாக அந்த ஆசையில்தான் சோறு தின்கிறேன். இருந்தாலும் அடித்தேன்.

எல்லாம் முடிந்தபின் அக்கா ஒரு டீ கொடுத்தார். வாசலில் நின்று குடித்தேன். மருந்து காய ஒரு வாரம் ஆகும், அதுவரை சர்க்கரை பட்டால் சுவர் எழுந்துவிடும் என்பது நினைவுக்கு வந்தது. கிளாஸின் அடியில் தூளும் கரையாத சர்க்கரையும் கிடந்தன.

அதையும் சேர்த்துக் குடித்தேன்.